மழை ஊருக்கு வறட்சிப் புல் எதற்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தோட்டப் பக்கத்தில், “தினமும் மழை கொட்டும் சிங்கப்பூரில் வறட்சி தாங்கும் வெளிநாட்டுப் புல்லை வளர்ப்பது வீண் ஆடம்பரம்” என்று உங்கள் கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். மணிலாப் புல்லைத்தான் சொல்கிறார். அது என் வீட்டு வாசலில் இருக்கிறது.

ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை, சரி. 2014 பிப்ரவரி தங்களுக்கு நினைவிருக்குமே? 1869க்குப் பிறகு அத்தனை வறண்ட மாதம் இல்லை. எங்கள் தெருவோரப் புல்தரையில் இருந்த கௌ கிராஸ் (cow grass) என்னும் அகன்ற இலைப் புல் காலடியில் அப்பளமாக நொறுங்கியது. அதுதான் உண்மையில் வெளிநாட்டுப் புல். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்கச் சொல்லிப் பொதுப் பயனீட்டுக் கழகம் கெஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டார் குடிதண்ணீரை அதற்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். அப்படியும் பிழைக்கவில்லை.

அதன் பிறகே நான் மாறினேன். பெயர்தான் மணிலா, நம் கடற்கரையில் தானாகவே வளரும் புல் அது. மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடுவதால், மேலே பழுத்தாலும் நல்ல மழை ஒன்று பெய்தால் துளிர்த்துவிடுகிறது. பரவுவதற்குப் பொறுமை வேண்டும், அடர்ந்த நிழல் ஆகாது, வெறுங்காலில் லேசாகக் குத்தும். என்றாலும் அடிக்கடி வெட்ட வேண்டியதில்லை. வெயிலில் ஒருவர் இயந்திரத்தைத் தோளில் மாட்டி வெட்ட, கல் தெறிக்காமல் இன்னொருவர் வலையைப் பிடித்தபடி கூடவே நகரும் கூத்தைக் கட்டுரையாளர் பார்த்ததே இல்லை போலும். அந்த ஊழியர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும்தான்.

இதே பக்கத்தில்தான் முன்பு, “இலையுதிர் காலத்துக்குள் புல்தரைக்கு உரமிடுங்கள்” என்று ஆலோசனை வந்தது. தோ பாயோவில் இலையுதிர் காலம் எப்போது வருகிறது என்று சொன்னால் நானும் தயாராக இருப்பேன். அப்புறம், தேக்கா சந்தையில் காசு கொடுத்து அறுகம்புல் வாங்கிப் பிள்ளையாருக்குச் சாத்தும் நாம், அதுவே வாசலில் முளைத்தால் களை என்று மருந்தடிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். இடமில்லை போலிருக்கிறது. செயற்கைப் புல் விளம்பரம் அரைப்பக்கம் பிடித்துக்கொண்டால் வாசகர் கடிதத்துக்கு எங்கே இடம்? புரிந்துகொள்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மணிலாப் புல் சிங்கப்பூரின் சொந்தப் புல், நல்ல வெயில் படும் இடத்தில் நடலாம் என்று அடுத்த ஞாயிறு இரண்டு வரி திருத்தம் போடுங்கள். விளம்பரத்துக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
சிராங்கூன்