அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அம்மிணி,

செவலை கிடாரிக் கன்னு போட்டிருக்கு. ஆழியாத்துத் தண்ணி இன்னும் வாய்க்காலுக்கு வரலை. மூணாறில் குளிர் எப்படி? ஸ்வெட்டர் போடு.

உன் எட்டாங்கிளாஸ் பிள்ளை ஒருத்தி வர்றதில்லைன்னு போன்ல பாதியில நிறுத்தினே. அப்புறம் பேச்சே இல்லை. வந்துட்டாளா? எஸ்டேட் லயன் வீட்டுப் பிள்ளை, தாய் கொழுந்து கிள்ளப் போயிட்டா யார் விசாரிக்கறது?

உன் வகுப்பில் மூணு பேர் பரீட்சை எழுதி என்.எம்.எம்.எஸ். ஸ்காலர்ஷிப் வாங்கினதை டீக்கடையில் சொல்லாத ஆளில்லை. வருஷம் 12,000 ரூபா, ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும்! ஆனா ஸ்கூல் வருஷக் கடைசி எழுத்துப் பரீட்சையில் நூத்துக்கு 30 வேணும்னு 2024-25ல எட்டாவதுக்குக் கொண்டுவந்தது, அந்த மார்க் எடுக்காத பிள்ளைக்குத் தனியாச் சொல்லிக்குடுத்து மறுபடி எழுதவைக்கத்தானே? நீதான் எனக்கு விளக்கினே.

ஓணத்துக்கு வந்தப்ப பக்கத்து வீட்டுப் பையன் 2, 6, 12, 20, அடுத்து என்னன்னு தெரியாம பென்சிலைக் கடிச்சுட்டிருந்தான். "மண்டையில களிமண்ணா"ன்னே. அது என் வார்த்தை அம்மிணி. என்கிட்ட இருந்துதான் உனக்கு வந்திருக்கு.

ஒண்ணாங்கிளாஸில் மலையாள டீச்சர் "உத்தரம் எழுது"ன்னதும், பதிலை எழுதாம ஓட்டுக்கூரை உத்தரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் வரைஞ்சவ நீ. வீடே சிரிச்சுது. மக்குன்னு யாரும் சொல்லலை.

2010-ல இதே ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு உன் டீச்சர் வருமானச் சர்டிபிகேட் கேட்டாங்க. வாங்கப் போனவன் வில்லேஜ் ஆபீஸைத் தாண்டிப் போய்க் கள்ளுஷாப்பில் உக்காந்துட்டேன். மறுநாளும் அதேதான். கெடு போயிருச்சு. டீச்சர்கிட்ட "பிள்ளை பயப்படுது"ன்னேன். உன்கிட்ட "கெட்டிக்காரப் பிள்ளைங்களைத்தான் அனுப்பறாங்களாம்"னேன். அப்ப மாசம் 500 ரூபா. காசு போனாப் போகுது. அன்னைக்கு நீ அழக்கூட இல்லை, பாயில படுத்து உத்தரத்தையே பார்த்துட்டிருந்தே. உங்கம்மாவுக்கும் இது தெரியாது. நீ டீச்சர் வேலைக்கு ஆர்டர் வாங்கிட்டு வந்தன்னைக்குச் சொல்லலாம்னு வாயெடுத்தேன், எல்லாரும் இருந்தாங்க.

லயத்துக்கு ஒரு நடை போயிட்டு வா. நோட்டு, கேள்வித்தாள் எதுவும் எடுத்துட்டுப் போகாதே. சும்மா போ. சாயங்காலம் அங்க குளிரும், ஸ்வெட்டர் போட்டுட்டுப் போ.

திட்டணும்னா அம்மா போனுக்குப் பண்ணாதே, என் நம்பருக்கே பண்ணு.

அப்பா
கொழிஞ்சாம்பாறை