உடலை மறக்காத ஜெர்மானியர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மானியத் தத்துவம் அறிவை மட்டுமே போற்றியது, உடலையும் இயற்கையையும் ஒதுக்கிவைத்தது என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒரே வீச்சில் தீர்ப்பு எழுதிவிட்டது. காண்ட், ஹெகல் இருவரோடு நிறுத்திக்கொண்டால் அப்படித் தோன்றலாம். ஹெகல்கூட இயற்கைத் தத்துவம் என்று ஒரு முழுப் பாகம் எழுதியவர்தான்.

ஜெர்மானியத் தத்துவவாதி ஷோப்பன்ஹவரைத் தொடாமல் விட்டது பெருங்குறை. 1818இன் இறுதியில் வெளிவந்த அவருடைய முதன்மை நூலில் வாதம் திரும்பும் இடமே உடல்தான். கையை உயர்த்துகிறேன். கண்ணுக்கு அது அசையும் பொருள்களில் ஒன்று; உள்ளிருந்து உணரும்போது அதுவே என் இச்சை. இச்சை காரணம், அசைவு விளைவு என்று பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே செயல் என்கிறார் அவர். இப்படி உள்ளிருந்து நாம் அறிவது நம் உடல் ஒன்றைத்தான். அதைப் பற்றிக்கொண்டே விதை முளைப்பதிலும் கல் விழுவதிலும் அதே இச்சையைக் கண்டார். கல் வரை போனதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும், உடல் வழியாக இயற்கையை அறிய முயன்றவரை விட்டுவிட்டு இப்படித் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

இருபதாம் நூற்றாண்டு ஜெர்மானியத் தத்துவவாதி ஹெல்முத் பிளெஸ்னரின் பெயர்கூட இல்லாததுதான் என்னை மிகவும் வருத்தியது. தாவரம், விலங்கு, மனிதன் என்று உயிரின் படிகளை ஆராய்ந்த அவர் நூல் 1928இல் வந்தது. அவர் பார்வையில், விலங்கு தன் உடல் என்னும் மையத்திலிருந்து வாழ்கிறது. மனிதனோ அந்த மையத்தில் இருந்துகொண்டே வெளியில் நின்றும் தன்னைப் பார்க்கிறான். நாம் உடலாகவும் இருக்கிறோம், உடலை உடைமைபோல் ஆளவும் செய்கிறோம். தந்தை யூத மரபினர் என்பதால் 1933இல் கொலோன் பல்கலைக்கழகப் பணியை இழந்து நெதர்லாந்தில் வாழ்ந்தவர் அவர். அந்நாடு நாஜிகளின் பிடியில் இருந்த 1941இல் சிரிப்பையும் அழுகையையும் பற்றித் தனி நூலே வெளியிட்டார். எப்படி நடந்துகொள்வது என்று தெரியாத சூழலில் மனிதன் தன் கட்டுப்பாட்டை இழக்கிறான். அவனுக்குப் பதிலாக அவன் உடல் விடை சொல்கிறது. துக்க வீட்டில் அடக்க அடக்கப் பொங்கும் சிரிப்பை இதைவிடத் தெளிவாக விளக்கியவர்களை நான் படித்ததில்லை.

சுற்றுச்சூழல் பற்றி இவ்வளவு பேசும் காலத்தில் இந்த மரபு நமக்கு அவசியம். நம் உடலே நாமாக இருக்கும் இயற்கை என்று ஜெர்மானியத் தத்துவவாதி கெர்னோட் பொமே அண்மைக்காலம்வரை எழுதிவந்தார். நஞ்சான காற்று முதலில் சேருமிடம் நம் நுரையீரல் அல்லவா? பிளெஸ்னரைப் பற்றியாவது எளிய தமிழில் ஒரு தனிக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்