& குறி வேகத்துக்கு அல்ல

ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் பிஎச்பி என்ற புரோகிராம் மொழி பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். ‘பெரிய அர்ரேயை ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது & போட்டு ரெஃபரன்ஸாக வாங்குங்கள்; மெமரி மிச்சமாகும், வேகம் கூடும்’ என்று இருந்தது. (வேரியபிள் என்பது மதிப்பை வைத்திருக்கும் பெயர்; அர்ரே என்பது பல மதிப்புகளின் பட்டியல்; ஃபங்ஷன் என்பது கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்து தரும் புரோகிராம் துண்டு; ரெஃபரன்ஸாக வாங்குவது என்றால் தனி மதிப்பாக அல்லாமல், கொடுத்தவரின் அதே வேரியபிளையே வாங்குவது.) குடியாத்தத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். இந்த யோசனையோடு வரும் பிள்ளைகளுக்கு அதை மறக்கடிப்பதே எனக்குப் பாதி வேலை.

அனுப்பிய கையோடு அர்ரேயை நகல் எடுக்கும் பழக்கம் பிஎச்பிக்குக் கிடையாது. ஃபங்ஷன் உள்ளே அதில் எதையாவது மாற்றினால்தான் நகல் எடுக்கும். வெறுமனே படித்துக் கூட்டிச் சொல்லும் ஃபங்ஷனில் & போட்டு எதை மிச்சப்படுத்துவது? பிஎச்பி 5 காலத்தில் இது கைக்காசு வைத்து நஷ்டப்பட்ட கதை. ரெஃபரன்ஸாக வாங்கிய அர்ரேயை உள்ளே, எத்தனை உருப்படி என்று எண்ணிச் சொல்லும் கவுண்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் அர்ரே முழுதும் நகலாகும். 2015-ல் வந்த பிஎச்பி 7-தான் அதைச் சரிசெய்தது. தகவலையும் அதற்கான ஃபங்ஷன்களையும் ஒன்றாக வைத்திருக்கும் ஆப்ஜெக்டுகளுக்கோ 2004-ல் பிஎச்பி 5 வந்ததிலிருந்தே & தேவையில்லை; ஃபங்ஷன் உள்ளே ஆப்ஜெக்டின் ஒரு பிராப்பர்ட்டியை, அதாவது அதில் உள்ள ஒரு மதிப்பை, மாற்றினால் வெளியிலும் மாறியிருக்கும். ஃபங்ஷனைக் கூப்பிடும் இடத்தில் & போடச் சொல்லும் பழைய ஜெராக்ஸ் நோட்ஸும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. பிஎச்பி 5.4-லிருந்து அது எரர்.

அப்புறம் எதற்குத்தான் ரெஃபரன்ஸ்? 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள் அல்லவா, அதை வைத்தே வகுப்பில் காட்டுகிறேன். பழைய வேலூரின் ஊர்களை ஓர் அர்ரேயில் போடுகிறோம்: காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு. அதைப் ‘புதிய வேலூர்’ என்ற வேரியபிளுக்குக் கொடுத்து, அதிலிருந்து ஆம்பூரையும் ஆற்காட்டையும் எடுத்துவிடுகிறோம். பழைய பட்டியல் அப்படியே இருக்கும். கொடுக்கும்போது & போட்டிருந்தால் இரண்டு பெயருக்கும் பட்டியல் ஒன்றுதான்; பழைய மாவட்டத்திலிருந்தும் ஆம்பூர் போய்விடும். அப்படிப் போகவேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணமா? அப்போது & போடுங்கள். சார்ட் ஃபங்ஷன் நாம் கொடுத்த அர்ரேயையே வரிசைப்படுத்துகிறது. எழுத்துத் தொடரில் ஒரு வடிவத்தைத் தேடும் ப்ரெக் மேட்ச் ஃபங்ஷன், பொருத்தம் இருக்கிறதா என்று பதில் சொல்வதோடு, பொருந்திய எழுத்துகளை நாம் கொடுத்த மூன்றாவது வேரியபிளில் நிரப்பியும் தருகிறது. இவை ரெஃபரன்ஸ் வாங்குவது நியாயம். கூப்பிட்டவருடைய வேரியபிள் மாறவேண்டும் என்பதுதான் அங்கே வேலையே.

வேகத்துக்காக & போட்டுப் பழகிய கை எங்கே மாட்டும் என்பதையும் சொல்கிறேன். ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் ஒரு யூனிட்டுக்கு, என்னிடம் படித்த பையன் ஓவர்டைம் கணக்குக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். ஃபார்ஈச் என்பது அர்ரேயின் வரிகளை ஒவ்வொன்றாக ஒரு வேரியபிளில் எடுத்துத் தரும் சுற்று. முதல் ஃபார்ஈச்சில் & போட்டு ஒவ்வொருவர் வரியிலும் ஓவர்டைம் தொகையைச் சேர்த்தான். அடுத்த ஃபார்ஈச் பிரிண்ட் எடுக்க; அதில் & இல்லை, ஆனால் வேரியபிள் பெயர் அதேதான். தாளில் கடைசி அம்மாவின் வரியைக் காணோம், அவருக்கு மேலே இருந்தவர் வரி இரண்டு முறை. ஆள் எண்ணிக்கை சரியாக இருந்ததால் சூப்பர்வைசர் கண்ணில் படவில்லை. அந்த அம்மா வந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது.

முதல் சுற்று முடிந்த பிறகும் அந்த வேரியபிள் கடைசி வரியோடு ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு வரியும் அதற்குள் போகப் போக, அர்ரேயின் கடைசி இடம் அழிந்து அழிந்து எழுதப்படுகிறது. கடைசிக்கு முந்தைய வரி அங்கே போய் உட்கார்ந்ததும், அடுத்து எடுக்கவேண்டிய கடைசி வரியே அதன் நகலாகிவிட்டது. முதல் ஃபார்ஈச் முடிந்ததும் அந்த வேரியபிளை அன்செட் செய்தால் போதும், ஒட்டு விட்டுவிடும். அன்செட் அந்தப் பெயரைத்தான் எடுக்கும், அர்ரேயில் உள்ள வரிக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் மாணவர் பக்கத்தைப் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அந்த அன்செட் வரியும் அதில் இருக்கட்டும்.

– கம்ப்யூட்டர் சென்டர் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.