குரு வேண்டாமாம், செல்போன் போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் விடுமுறையில் வாத்தியம் பழகுவது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவது, காலி டப்பாவின் வாயில் பலூனை இழுத்துக் கட்டிக் கொட்டுவது எல்லாம் சரி. என் பேரப்பிள்ளைகள் செய்கிறார்கள், நானும் கூடச் சேர்ந்து ஊதுகிறேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உடுக்கை, குடம், தாளம் போன்ற நாட்டுப்புற வாத்தியங்கள் எளிமையானவை. இவற்றுக்கு குரு தேவையில்லை. செல்போன் இருந்தால் பத்தே நாளில் பழகிவிடலாம்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு நேர் கீழே ஒரு விளம்பரம்: கீபோர்டு வகுப்பு, லண்டன் சான்றிதழ், எட்டு கிரேடு. கீபோர்டுக்கு எட்டு கிரேடு, எங்களுக்குப் பத்து நாள். பக்கத்தை வடிவமைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது.

நான் கல்குளம் வட்டத்துக்காரன். வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்துக் குடும்பம் நடத்தியவன். இப்போது கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்களில் பாட, போவதைக் குறைத்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்க் கோயில் திண்ணையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இருப்பதிலேயே எளிய வாத்தியத்தையே எடுத்துக்கொள்வோம். தாளம், அதாவது ஜால்ரா. இரண்டு சின்ன வெண்கலத் தட்டு, நடுவில் ஒரு கயிறு. ஏழு வயதுப் பிள்ளை கையில் கொடுத்தால் முதலில் என்ன செய்யும்? கைதட்டுவதுபோல் இரண்டையும் நேருக்கு நேர் ஒட்ட அடிக்கும். காற்று உள்ளே சிக்கி 'டப்' என்று செத்த சத்தம் வரும். பிள்ளை இன்னும் ஓங்கி அடிக்கும், இன்னும் மோசமாகும். அப்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, அந்தக் குட்டி மணிக்கட்டைப் பிடித்து, "மக்களே, ஓங்காதே. ஒரு விளிம்பை மட்டும் சாய்ச்சுத் தொடு" என்று ஒருமுறை செய்து காட்ட வேண்டும். 'ணிங்' என்று நீண்ட நாதம் வந்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதன்பிறகு எது மூடின அடி, எது திறந்த அடி என்று பிள்ளையே கேட்டுக் கண்டுபிடித்துவிடும். செல்போன் செய்து காட்டும், ஒத்துக்கொள்கிறேன். பிள்ளையின் மணிக்கட்டை அது பிடிக்குமா?

அப்புறம் காலம். தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஓடுவார்கள். பாட்டு சூடு பிடித்தால் தாளமும் சேர்ந்து ஓடும். அதனால் நான் முதலில் கையில் எதையும் கொடுப்பதில்லை. 'தக திமி' என்று வாயால் சொல்லிக்கொண்டே கோயிலைச் சுற்றி நடக்க வைப்பேன். பிறகு 'தகிட'. நாலு எண்ணிக்கைக்கு நடந்த கால் மூன்றுக்கு வந்ததும் தடுமாறும், ஒருவர்மேல் ஒருவர் முட்டிச் சிரிப்பார்கள். வாயில் நின்ற பிறகு கால், காலில் நின்ற பிறகு கை. இந்த வரிசையை நான் கண்டுபிடிக்கவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்த, எங்கள் குழுவின் தலைமைப் பாடகரான அண்ணாவி என்னை நடக்க வைத்தது இப்படித்தான்.

குடத்துக்கு வருகிறேன். என் சொந்த வாத்தியம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வில்லைத் தாங்கி, வைக்கோல் பிரிமணையில் உட்கார்ந்திருக்கும் மண்குடம்தான். வலது கையில் கமுகம்பாளையில் செய்த பத்தி என்கிற தட்டையால் குடத்தின் வாயில் தட்டினால் அடி வயிற்றிலிருந்து 'கும்' வரும். இடது கையில் ஒரு காசை இடுக்கிக்கொண்டு குடத்தின் உடம்பில் தட்டினால் 'கிண்' வரும். இந்த இரண்டு சத்தம்தான். ஆனால் வாயை முழுக்க மூடி அடித்தால் ஒன்று, பாதி மூடினால் வேறொன்று. குடம் வாங்கப் போகும்போதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். நகத்தால் சுண்டிப் பார்த்து, எங்கே விரிசல் என்று கண்ணால் பார்க்குமுன் காதால் சொல்ல வேண்டும். சொன்ன பிள்ளைக்கு ஒரு முறுக்கு. இப்படியெல்லாம் காது பழகின பிள்ளைதான், கொடை இரவில் கதை வேகம் எடுத்து, சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில், அண்ணாவியின் கண்ணைப் பார்த்துக் காலம் தப்பாமல் அடிக்கும்.

எழுதத் தொடங்கிவிட்டேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே கட்டுரைக்கு ஒரு படம். 'மகுடம் வாசிக்கும் கலைஞர்' என்று கீழே எழுத்து. படத்தில் இருப்பவர் கையில் இரண்டு குச்சி! அது பறை, ஐயா. மகுடம் என்பது, எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் ஆடும் கணியான் கூத்தில் கையால் வாசிக்கும் தோல் வாத்தியம். உச்சம், மந்தம் என்று இரண்டு இருக்கும். எங்கள் மாவட்டத்திலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் சுடலைமாடன் கோயில் கொடையில் ஒரு இரவு நின்றவர்களுக்கு இது தெரியும். தங்களுக்கும் தெரிந்திருக்கும், படம் போட்டவருக்கு நேரமில்லை. பறை வாசிப்பவருக்கும் மரியாதை இல்லை, மகுடம் வாசிப்பவருக்கும் இல்லை. வீணையைப் போட்டு வயலின் என்று எழுதினால் மறுநாளே 'வருந்துகிறோம்' வந்துவிடும்.

2022 அக்டோபரில் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயா காலமானபோது தங்கள் இதழ் முழுப்பக்கம் போட்டது. நன்றி. பத்மஸ்ரீ அவருக்கு முந்தின ஆண்டுதான் வந்தது. ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைப் பற்றியும் ஆண்டுக்கு ஒருமுறை எழுதுகிறீர்கள், அதில் வில்லுப்பாட்டும் ஒரு வரி வரும். செத்தவர்களுக்குக் குறை வைக்காத பத்திரிகை. உயிரோடு திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவன் செய்தியாவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடங்கள் இன்னொரு கதை. அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடத்துகிறார்கள், நல்ல காரியம், அதில் எனக்குக் குறையில்லை. எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எத்தனை நாள் பழக்க வேண்டும் என்று கேட்டேன். "பழக்க வேண்டாம் அண்ணாச்சி, வில் மட்டும் தந்தால் போதும். பாட்டு பென் டிரைவில் இருக்கு, பிள்ளைகள் கோலை ஆட்டினால் போதும்" என்றார்கள். கோலை ஆட்டினார்கள். வில்லில் கட்டியிருந்த மணிகூட அடங்கிக் கிடந்தது, ஸ்பீக்கர் அப்படி அலறியது. கடைசியில் எனக்கு ஒரு பொன்னாடை. அந்த நிகழ்ச்சிக்குத் தங்கள் இதழில் 'மாணவர்கள் அசத்தல்' என்று படம் வந்தது.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் கலை இளமணி விருது கொடுக்கிறார்கள். அதற்குப் பிள்ளையைத் தயார் செய்வது யார்? அதற்கான செலவு யாருடையது? எங்கள் ஊரில் ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கும், தென்மேற்கு மழையும் திறக்கும். அது ஓய்ந்தால் வடகிழக்கு. உடுக்கைத் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோகும், கயிற்றை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் குரல் ஏறாது. அனல் காட்டித்தான் வகுப்பு நடக்கும். பிளாஸ்டிக் தோல் போட்டது கடையில் கிடைக்கிறது, மழைக்கு அசையாது. கயிற்றை அமுக்கும்போது குரல் குழைய வேண்டுமே, அது அதில் எனக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அதையே கொடுக்கிறேன், வேறு வழி?

பெற்றோரைச் சொல்லவே வேண்டாம். "கொடைப் பாட்டுக்காரனா ஆகப்போறியா?" என்று ஒரு தகப்பனார் என் எதிரிலேயே மகனைக் கேட்டார். பெண்பிள்ளை என்றால் அம்மாவே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். பெண்கள் தலைமையில் எத்தனையோ குழுக்கள் மேடை ஏறிக்கொண்டிருக்கின்றன, அதே அம்மா விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்தான். இவர்களுக்கு நான் சொல்லும் ஒரே பதில், பத்திரிகையைப் பாருங்கள், மதிப்பான கலை என்று எழுதுகிறார்கள் என்பது. இனி அதையும் சொல்ல முடியாது. பத்து நாளில் செல்போனில் வருவதற்கு எதற்கு அண்ணாவி என்று கேட்பார்கள்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டுரைக்கு மறுப்பு வேண்டாம், எழுதியவரைக் கண்டிக்கவும் வேண்டாம். அவர் ஒரு சனிக்கிழமை வந்து தாளத்தை எடுத்து ஒரு 'ணிங்' போட்டால் காப்பி நான் வாங்கித் தருகிறேன். மகுடம் படத்தை மட்டும் திருத்திப் போடுங்கள். அப்புறம், ஏப்ரல், மே மாதங்களில் கீபோர்டு, அபாகஸ், நீச்சல் என்று கோடை வகுப்புப் பட்டியல் போடுகிறீர்கள் அல்லவா? சென்ற ஆண்டு நானும் இரண்டு வரி எழுதி அனுப்பினேன், வரவில்லை. விளம்பரக் கட்டணம் கட்ட என்னால் ஆகாது. பட்டியலின் கடைசியில், சின்ன எழுத்தில் போட்டாலும் போதும். வாசகம் இதோ:

'தாளம், கட்டை, குடம், உடுக்கை: தொடக்க வகுப்பு. சனிக்கிழமை மாலை நாலரை மணி, அம்மன் கோயில் திண்ணை. ஆறு வயது முதல், ஆண் பெண் இருபாலரும் வரலாம். கட்டணம் இல்லை. வீட்டில் தாளம் இருந்தால் கொண்டு வரவும், இல்லாவிட்டாலும் வரவும்.'

ஊர்ப் பெயரும் என் பெயரும் உறையின் பின்பக்கம் இருக்கின்றன.

இப்படிக்கு,
பழைய குடக்காரன்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்