கையைக் கட்டச் சொன்ன வசனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு வெளியீட்டில் உயிர்த்த ஞாயிறு சிந்தனையாக வந்த கட்டுரையை வாசித்தேன். "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்ற ரோமர் 12ஆம் அதிகார வசனத்தை எடுத்துக்கொண்டு, 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இனியும் நீதிமன்றம், ஆணைக்குழு என்று அலையாமல் எல்லாவற்றையும் ஆண்டவரிடம் விட்டுவிட வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நல்ல மனதோடுதான் எழுதியிருப்பார். மட்டக்களப்பில் இருந்துகொண்டு வாசிக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அன்று சீயோன் தேவாலயத்தில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனை தொடங்குமுன் பிள்ளைகள் முற்றத்தில் நின்ற நேரம் அது. இறந்தவர்களில் பலர் அந்தப் பிள்ளைகள். முதுகுப் பையில் குண்டோடு வந்து நின்று தானும் செத்தவனை இனி எந்த நீதவானும் கூண்டில் ஏற்ற முடியாது. அவன் வழக்கு மேலே போய்விட்டது. அதை நானும் ஆண்டவரிடமே விட்டுவிட்டேன், வேறு வழியும் இல்லை. ஆனால் தாக்குதல் வரப்போகிறது என்ற புலனாய்வுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதியே வந்தும் அதை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தவர்கள் நம் நடுவே உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய கணக்கையும் சேர்த்து மேலே அனுப்பிவிடு என்றால் எப்படி?

பாதிக்கப்பட்டவர்களும் குருமாரும் சட்டத்தரணிகளும் அப்படி அனுப்பிவிடாமல் அடிப்படை உரிமை மீறல் மனுக்களைப் போட்டார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு என்று மேலிடத்தில் இருந்த வேறு நால்வருக்கும் உத்தரவு போனது. பணம் பிள்ளையைத் திருப்பித் தராது, சரி. ஆனால் நாட்டின் தலைவராக இருந்தவரே கடமை தவறினார் என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பெற்றோர் வீட்டிலிருந்து ஜெபம் மட்டும் பண்ணியிருந்தால் இந்த எழுத்து வந்திருக்காது.

கட்டுரையாளர் ரோமரில் 12ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிட்டார். பவுல் கடிதம் எழுதியபோது அதிகாரம் பிரித்து எழுதவில்லை. அடுத்த சில வரிகளிலேயே, தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரத்தில் இருப்பவன் 'தேவ ஊழியக்காரன்' என்கிறார். அப்படிப் பார்த்தால், அந்த ஊழியத்தைச் செய்யாமல் விட்டவரிடம் ஏன் செய்யவில்லை என்று கேட்பது அவிசுவாசம் ஆகுமா?

அந்த வசனத்துக்கு உண்மையில் வேலை இருந்தது 2019 மே மாதத்தில். வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் அந்தக் குண்டுகளுக்குப் பழியாக முஸ்லிம் மக்களின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கும்பல்கள் தாக்கியபோது, "பழிவாங்குதல் உன் வேலை இல்லை" என்று அந்தக் கும்பல்களின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். கையைக் கட்டச் சொன்ன வசனம் அது. அதை வைத்து அழுகிறவர்களின் வாயைக் கட்டப் பார்க்கிறோம்.

வேதாகமத்தில் ரிஸ்பாள் என்று ஒருத்தி வருகிறாள். இரண்டாம் சாமுவேல் 21ஆம் அதிகாரம். பிரசங்கங்களில் அவளைப் பற்றி அதிகம் கேட்க முடியாது. முந்திய ராஜாவான சவுல் செய்த பழிக்கு ஈடாக, சவுலுக்கு அவள் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் சவுலின் பேரன்மார் ஐந்து பேரையும் தாவீது ராஜா ஒப்புக்கொடுக்க, அவர்கள் மலையில் தூக்கிலிடப்படுகிறார்கள். அவள் பாறையின் மேல் இரட்டுப்புடவையை விரித்து உட்கார்ந்துவிடுகிறாள். அறுப்புக் காலத் தொடக்கத்திலிருந்து மழை பெய்யும் மட்டும் பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அந்த உடல்களை அண்டவிடவில்லை. ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. செய்தி அரண்மனைக்குப் போகிறது. ராஜா எலும்புகளைச் சேர்த்து அடக்கம் பண்ணுகிறான். அதற்குப் பிறகுதான் தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைத் தேவன் கேட்டார் என்று இருக்கிறது. இதை வாசிக்கும்போதெல்லாம் 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த அம்மாமார்தான் எனக்கு நினைவுக்கு வருவார்கள். அவர்களையும் 'கடவுள் பார்த்துக்கொள்வார், வீட்டுக்குப் போங்கள்' என்று சொன்னவர்கள் உண்டு. பெரும்பாலும் அப்படிச் சொல்பவர்கள் வீட்டில் ஒருவரும் காணாமல் போயிருக்க மாட்டார்கள்.

நீதி கிடைக்காமலே போகும் வழக்குகளும் உண்டு, அதை மறுக்கவில்லை. 2005 நத்தார் திருப்பலியில், இதே ஊரில், புனித மரியாள் பேராலயத்துக்குள் வைத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு சொன்னதோடு, 2021 ஜனவரியில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் விடுவிக்கப்பட்டார்கள். இப்படிக் கீழே கதவு மூடப்படும்போது, மேலே ஒரு நியாயாசனம் உண்டு என்ற விசுவாசம் இல்லாவிட்டால் நானெல்லாம் என்றைக்கோ கசந்து போயிருப்பேன். அந்த விசுவாசத்தை நான் குறைத்துப் பேசவில்லை. மனிதர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட அதைச் சாட்டாக ஆக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தாக்கியவர்களை மன்னித்தோம் என்று 2020லேயே சொன்னார். அதற்குப் பிறகும் சூத்திரதாரிகள் யார் என்று ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இரண்டும் ஒரே வாயில் வரலாம்.

ஒரு வேண்டுகோள். அந்த 2023 தீர்ப்பின் முக்கிய பகுதிகளை, சாதாரண வாசகருக்கு விளங்கும் தமிழில், சில வாரங்களுக்காவது தொடராக வெளியிடுங்கள். அடுத்த உயிர்த்த ஞாயிறுக்குச் சிந்தனை எழுதப் போகிறவர் பேனாவை எடுக்குமுன் அதையும் ஒருமுறை வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு