மன்னார்க் கடலில் துளை போடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார்ப் படுகையில் மீண்டும் எரிவாயு தேடுவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். டொலர் வருமானம், மின்கட்டணம் எல்லாவற்றையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், எண்ணெய்க் கசிவை மட்டும் எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். அந்த வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை. கடலடிக் கிணறுகள் பீறிட்ட பெரிய சம்பவங்களின் விசாரணைகளைப் பார்த்தால், கோளாறு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. வேலையை நிறுத்தத்தான் ஆளில்லை.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மேடை வெடித்ததையே எடுங்கள். 11 பேர் இறந்தார்கள். அது துளையிட்ட மக்கொண்டோ கிணற்றிலிருந்து 87 நாட்கள் எண்ணெய் பாய்ந்தது. 49 இலட்சம் பீப்பாய் என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு. கிணற்றுக்குள் நிரப்பியிருக்கும் கனமான சேறுதான் அடியிலுள்ள எண்ணெயையும் வாயுவையும் அமுக்கி வைக்கிறது. அடியில் சீமெந்து இறுகி அடைத்துக்கொண்டது உறுதியான பிறகே அந்தச் சேற்றை எடுக்கலாம். சீமெந்து சரியாகப் பிடித்ததா என்று அளக்க வந்திருந்த குழுவை, அளக்காமலே அன்று காலை திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, அது போகட்டும். பின்னேரம் அழுத்தச் சோதனை செய்தபோது ஒரு குழாயின் மானி 1,400 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டியது, மற்றக் குழாயின் மானி பூச்சியம். இரண்டும் ஒரே கிணற்றுக்குள் போகிற குழாய்கள். ஒரே அளவைத்தான் காட்டியிருக்க வேண்டும். 1,400 என்றால் கீழிருந்து ஏதோ தள்ளுகிறது என்று அர்த்தம். மேடையில் இருந்தவர்கள் அதற்கொரு விளக்கம் சொல்லி, பூச்சியத்தை நம்பி, மீதிச் சேற்றையும் அகற்றிக் கடல்நீரை விட்டார்கள். அன்றிரவே வாயு மேலேறித் தீப்பற்றியது. கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேலை முடிகிற அவசரத்தில் பிடிக்காத எண்ணைக் காட்டும் மானியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

கடலடியில் கிணற்றின் வாயில் பி.ஓ.பி. என்ற ராட்சத வால்வுத் தொகுதி இருக்கிறதே என்பார்கள். ஆபத்தில் குழாயையே வெட்டிக் கிணற்றை மூடும் பிளேடுகள் அதில் உண்டுதான். மக்கொண்டோவில் குழாய் வளைந்து ஒருபக்கம் ஒதுங்கியதால் அவை முழுதாக வெட்டவில்லை. 1979இல் அதே வளைகுடாவின் இக்ஸ்டொக் கிணற்றில், நடுவே இருந்த தடித்த குழாயை வெட்ட முடியாமல் போயிற்று. ஒன்பது மாதத்துக்கு மேல் எண்ணெய் கொட்டியது. 2009இல் ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் மொண்டாரா கிணற்றில் சீமெந்து பிடிக்கவில்லை. போட வேண்டிய மூடிகளில் ஒன்றைப் போடவே இல்லை.

இனி நம் கதை. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் மன்னாரில் வாயு கண்ட டொராடோ, பரக்கூடா கிணறுகள் இருப்பது ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில். மனிதர் இறங்க முடியாத ஆழம், எல்லாம் ரோபோவின் வேலை. வாயுதானே, எண்ணெய் இல்லையே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். மக்கொண்டோவில் மேடையை எரித்ததும் வாயுதான்.

அப்புறம், முன்கூட்டியே தெரிந்த கோளாறு என்றால் என்னவென்று கொழும்பில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நம் துறைமுகத்துக்கு வெளியே எரியுமுன்பே, அதிலிருந்த நைத்திரிக் அமிலம் கசிவது மாலுமிகளுக்குத் தெரியும். நீர்கொழும்புப் பக்கத்துக் கடற்றொழிலாளர் அதற்கு எத்தனை காலம் வலையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்!

மக்கொண்டோவுக்குப் பிறகு அமெரிக்கா செய்த ஒரு காரியத்தை நாம் முன்னதாகவே செய்யலாம். அதுவரை உரிமம் கொடுத்ததும், வருமானத்தை வாங்கியதும், பாதுகாப்பைப் பரிசோதித்ததும் ஒரே அமைப்பு. அதைக் கலைத்து மூன்றாகப் பிரித்தார்கள். காசு எண்ணுகிற கையிடமே கிணற்றை மூடும் சாவியையும் கொடுக்கக்கூடாது என்பது அவர்களுக்கு 11 உயிர் போன பிறகுதான் புரிந்தது.

மன்னாருக்கு விலைமனு கோருமுன் மூன்று விடயங்கள் பகிரங்கமாக வேண்டும். துளையிடலை அந்தக் கணமே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த ஆய்வாளரிடம் இருக்கும்? அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? சீமெந்து, பி.ஓ.பி. சோதனை முடிவுகளைப் பொதுமக்கள் எங்கே பார்க்கலாம்? துறைசார் அதிகாரிகள் தங்கள் பத்திரிகையிலேயே பதில் எழுதினால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13