பண்ணைப் பள்ளி வளாகம்: ஐப்பசி மழைக்கு முன் முடிக்க உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

உத்திரமேரூர் பக்கம் நம் சங்கம் வாங்கிய நாலு ஏக்கரில், பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பண்ணை வளாகம் எழும்பி வருவது உங்களில் பலருக்குத் தெரியும். வைகாசியிலிருந்து வேலை நின்றுகிடப்பது தெரிந்திருக்காது. பழைய விலைக்கே முடித்துத்தர மேஸ்திரி ஆவணி கடைசி வரை ஒத்துக்கொண்டிருக்கிறார். அதைத் தாண்டினால் மழை பிடித்துக்கொள்ளும். களிமண் பூமி, செங்கல் லாரி உள்ளே வராது. அப்புறம் தை பிறந்துதான் கரண்டியைத் தொட முடியும்.

இது ஆரம்பித்த கதையைப் புது உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் மேற்கு மாம்பலத்தில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மொட்டைமாடியில் கூட்டாகக் கஞ்சி காய்ச்சினோம். 2019 கோடையில் அதே தெருவில் குடங்களை வரிசையில் வைத்து லாரிக்குக் காத்துக்கிடந்தோம். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. "அன்னைக்கு வந்த தண்ணி எல்லாம் எங்கே போச்சு தாத்தா?" என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நம் மூத்த உறுப்பினரைக் கேட்டாள். நாற்பது வருடம் பூகோளம் நடத்தியவர், ஒரு நிமிடம் வாயடைத்துப் போனார். பிறகுதான் சொன்னார்: நுங்கம்பாக்கம் தொட்டு சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள், நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏரியின் மதகும், உபரித் தண்ணீர் வழியும் கலங்கலும், தண்ணீர் வந்துசேரும் வரத்துக்கால்வாயும் எப்படி இருக்கும் என்று காட்ட, அவளை ஊருக்கு வெளியேதான் அழைத்துப்போக வேண்டியிருந்தது. வளாகத்தின் விதை அங்கே விழுந்தது.

உத்திரமேரூரைத் தேர்ந்தெடுத்ததும் அந்தப் பெரியவர்தான். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, குடவோலை போட்டு ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் அமைத்த ஊர் அது. கல்வெட்டு இன்றும் கோயில் சுவரில் இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவுக்காரர் பெயரையும் ஓலையில் எழுதக் கூடாது என்கிறது அது. அந்த ஊர் மண்ணில் கட்டுகிறவர்கள் என்பதால் சொல்கிறோம்: கணக்குப் புத்தகம் சங்க அலுவலகத்தில் மேசை மேலேயே இருக்கும். யாரும் எப்போதும் புரட்டலாம்.

சரி, கணக்கு. மொத்தச் செலவு 46 லட்சம். பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகத் தங்கும் கூடம் இரண்டுக்கு 26 லட்சம், சமையல்கட்டும் சாண எரிவாயுக் கலனும் 4,80,000, சோலார் பம்ப் 4 லட்சம், குளமும் கால்வாயும் 3,20,000, மாட்டுக்கொட்டகை 2 லட்சம், கழிப்பறை 6 லட்சம். கைக்கு வந்தது 32,70,000. வாக்குக் கொடுத்துவிட்டு இன்னும் தராதது 4,15,000. அதுவும் வந்தால்கூட 9,15,000 இடிக்கிறது.

இதில் கழிப்பறையைப் பற்றி மனம்விட்டுச் சொல்லிவிடுகிறோம். கூடத்துக்குத் தாய் தந்தையர் பெயர் வைக்க ஏழு பேர் முன்வந்தார்கள். கழிப்பறைக்கு ஒருவரும் வரவில்லை. போன ஜனவரியில் பந்தல் போட்டு ஒரு ராத்திரி முகாம் நடத்தினோம். வந்தவர்கள் 34 பேர். அதில் பெண் பிள்ளைகள் மூன்றே பேர். மற்ற அம்மாக்கள் கேட்டது ஒரே கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. கட்டப்போவது மலமும் சிறுநீரும் தனித்தனியே இறங்கும் உலர் கழிப்பறை. சாம்பல் தூவி, ஒரு தொட்டி நிறைந்ததும் மூடிவைத்து, மக்கியபின் மரங்களுக்கு எருவாக்கலாம். முசிறியில் இதைப் பொதுக் கழிப்பறையாகவே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். கூரையிலும் ஒரு பாடம் உண்டு: 250 சதுர மீட்டர் கூரையில் ஆயிரம் மில்லிமீட்டர் மழை விழுந்தால் இரண்டரை லட்சம் லிட்டர். பிள்ளைகளே அளந்து குளத்தில் சேர்க்கட்டும்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! மறைந்த மனைவியின் ஒரு ஜோடி வளையலை விற்றுக் கொடுத்த ஓய்வு பெற்ற மின்வாரியப் பெரியவர், பெயர் போட வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். தெருமுனைப் பூக்கார அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து ரூபாய், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு பதினொரு நடை செங்கல் ஏற்றிவந்த லாரிக்காரர், மாதம் பிறந்தால் டல்லாஸிலிருந்து பணம் அனுப்பும் நம் தெருப் பையன், உண்டியலை உடைத்து 8,740 ரூபாய் கொண்டுவந்த பிள்ளைகள் (எண்ணி முடிக்க இரண்டு சாயங்காலம் ஆனது), அத்தனை பேரையும் ஏரி காத்த ராமர் நன்றாக வைத்திருக்க வேண்டும்.

வாக்குக் கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொங்கல் கூட்டத்தில், மைக் முன்னால், கைதட்டலுக்கு நடுவே சொன்ன தொகை அது. நாங்கள் யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. பூக்கார அம்மா மட்டும் போன வாரம், "அவங்கல்லாம் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். வருமான வரிச் சலுகைக்கான (80ஜி) ரசீது தருகிறோம். பழைய வரி முறையில் இருப்பவர்கள் கவனிக்க: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது. கழிப்பறைக்கென்றே தருகிறவர்கள் அப்படியே எழுதிக் கொடுங்கள், வேறு வேலைக்குத் தொடமாட்டோம்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குச் சங்க வாசலிலிருந்து வேன் புறப்படுகிறது. நேரில் வந்து பாருங்கள். மதியம் நம் பண்ணையில் விளைந்த பூங்கார் அரிசிச் சோறு. மயில் தின்றது போக மிஞ்சியது கொஞ்சம்தான், அதனால் வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானக் குழுவினர்,
மேற்கு மாம்பலம், சென்னை